சாளை திரும்பி வந்துட்டு, எல்லாச் சாளையும் வந்துச்சா?

போன ஆடி கழிஞ்ச சமயம் ஒரு சாயங்காலம் எங்க கன்னியாகுமரி மாவட்டத்துக் குளச்சல்ல மீன் வாங்கப் போயிருந்தேன். கடவம் நிறைய சாளை மினுமினுன்னு கெடக்கு. விக்கிற அக்கா என்னைப் பாத்துட்டு, "சாளை இல்ல, சாளை இல்லன்னு பொலம்பிட்டு நடந்தீங்கல்லா, இந்தா கெடக்கு, அள்ளிட்டுப் போ மக்கா"ன்னாங்க. பக்கத்துல அயிலைக்கு விலை பேசிட்டு நின்ன ஒரு அண்ணன் உடனே, "அப்ப மரபணு அழிஞ்சு போச்சு, கடல் செத்துப் போச்சுன்னு பேசுனவனெல்லாம் எங்க போனான்"னு சிரிக்கிறாரு. இன்னொருத்தர், "மரபணுன்னா அந்த ஊசி போட்டு வளக்குற மீனுதானே, அதைத் தின்னக் கூடாது"ன்னாரு. ஒரு கிலோ சாளையை எடை போட்டு முடிக்கிறதுக்குள்ள ரெண்டு பேரு மரபணுங்குற ஒரே வார்த்தையை ரெண்டு பக்கமா இழுத்தாச்சு.

நான் பொறந்தது கடப்புறத்துல, படிச்சது விலங்கியல், அதனால வாய் நமநமன்னு இருந்துச்சு, ஆனா கடவத்துக்கு முன்னாடி நின்னு பாடம் எடுத்தா அக்கா என் தலையில தண்ணியை ஊத்திருவாங்க. அதான் இங்க எழுதுறேன்.

முதல்ல அந்த அண்ணன் சொன்னதுல இருக்குற நியாயத்தைப் பாத்திருவோம். பக்கத்துக் கேரளாவுல 2012ல சுமார் 4 லட்சம் டன் சாளை கரைக்கு வந்துச்சு, அவங்க மத்தின்னும் சொல்றது இதைத்தான். 2021ல அது 3,297 டன். எழுத்துப் பிழை இல்ல, லட்சத்துல இருந்து ஆயிரத்துக்கு விழுந்துட்டு. அப்புறம் 2023லயே மறுபடியும் 1 லட்சம் டன்னைத் தாண்டியாச்சு. இப்படி விழுந்து எந்திரிக்கிற மீனைப் பாத்தா யாருக்குமே "சரி, எல்லாம் பழையபடி ஆயிட்டு"ன்னுதான் தோணும். எண்ணிக்கை திரும்பிட்டு, அது உண்மை. ஆனா மரபணு வகைமைங்குறது, அதாவது ஒரே இனத்து மீனுக்குள்ளயே இருக்குற வித்தியாசம், எண்ணிக்கைக் கணக்கு கிடையாது, அது வேற பேரேடு.

## சந்தையில பத்து வகை மீன் இருந்தா வகைமையா?

ரொம்ப பேரு இங்கதான் வழுக்கி விழுறாங்க. சாளை, அயிலை, நெத்தோலி, வாளை, சூரை, பாரை, கணவாய்னு வரிசையா கெடக்குறதைப் பாத்து "எவ்வளவு வகைமை"ன்னு சொல்றோம். அது இனங்களோட வகைமை, அதுவும் முக்கியம்தான். நாம பேசப் போறது ஒரே இனத்துக்குள்ள, ஒரே கடவத்துல கெடக்குற ஒரு சாளைக்கும் இன்னொரு சாளைக்கும் உள்ளுக்குள்ள இருக்குற வித்தியாசம்.

வாழைத் தோட்டத்தை நெனச்சுப் பாருங்க. நம்ம மாவட்டத்துல மட்டி, செந்துளுவன், ஏத்தன், ரசகதளின்னு பேரு ஏகப்பட்டது இருக்கு. ஆனா மட்டி மட்டும் வச்ச ஒரு விளைக்குள்ள போனா அங்க நிக்குற ஆயிரம் வாழையும் கன்னு பிடுங்கி வச்சது, கன்னுங்குறது தாயோட நகல், அதனால ஆயிரம் வாழைன்னாலும் உள்ளுக்குள்ள ஒரே வாழைதான். ஒண்ணுக்கு வாடல் நோய் பிடிச்சா மத்ததுக்கும் அதே கதி. உலகம் முழுக்க ஏற்றுமதி ஆயிட்டு இருந்த குரோ மிஷேல்னு ஒரு வாழை ரகம் இப்படித்தான் 1950கள்ல பனாமா வாடல் நோயில வியாபாரத்தை விட்டே போச்சு. தோட்டம் தோட்டமா மரம் நின்னுச்சு, ஆனா நோயைத் தாங்குற மாதிரி ஒரு மரம் கூட வேற மாதிரி இல்ல.

சாளை கன்னு வச்சு வளர்றது இல்ல. ஆணும் பொண்ணும் கடல்ல விந்தையும் முட்டையையும் விட்டு, ஒவ்வொரு குஞ்சும் புதுக் கலவையா பொறக்குது. கண்ணுக்கு எல்லாம் ஒரே வெள்ளி நிறமா தெரிஞ்சாலும் உள்ள ஒவ்வொண்ணும் வேற வேற.

## உள்ள என்னதான் எழுதியிருக்கு?

டிஎன்ஏ டிஎன்ஏன்னு எல்லாரும் சொல்றது ஒரு நீளமான எழுத்து வரிசை, அவ்வளவுதான். ஏ, டி, ஜி, சின்னு நாலே எழுத்து, அது மாறி மாறி வரும். கொச்சியில இருக்குற மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 2023ல சாளையோட முழு வரிசையையும் படிச்சு வெளியிட்டாங்க, மொத்தம் சுமார் 108 கோடி எழுத்து. கருவாட்டுக்குக் காயப் போடுற அந்தச் சின்ன உடம்புல ஒவ்வொரு செல்லுலயும் இது இருக்கு.

இந்த வரிசையில ஒரு வேலைக்கான குறிப்பு எழுதியிருக்குற துண்டுக்குத்தான் மரபணுன்னு பேரு. கண்ணுல ஒளியைப் பிடிக்குற புரதம் செய்ய ஒரு துண்டு, ரத்தத்துல ஆக்சிஜன் தூக்குற புரதத்துக்கு ஒரு துண்டு, இப்படி. அதே துண்டு ரெண்டு மீனுல ஒண்ணு ரெண்டு எழுத்து மாறி இருக்கலாம். அந்த ஒவ்வொரு மாற்று வடிவத்தையும் அல்லீல்னு சொல்றாங்க. அல்லீல்கள் எத்தனை விதமா ஒரு கூட்டத்துல பரவிக் கெடக்குதோ, அதுதான் மரபணு வகைமை. இதுல ஊசியும் இல்ல, மருந்தும் இல்ல. ஆய்வகத்துல மரபணுவை மாத்துறது முழுசா வேற சோலி, சந்தையில ஊசி போட்டு வளக்குற மீனுன்னு சொன்ன அந்த ஆளுக்கு இது.

இதை எங்க ஊரு கணக்குல சொன்னா இன்னும் லேசு. கோயில்ல ஞானஸ்நானப் புத்தகம் இருக்கும்லா, அதை எடுத்துப் பாத்தா பக்கத்துக்குப் பக்கம் அந்தோணி, சேவியர், மிக்கேல், சூசை. நடுவுல எங்கயாவது ஒரு வியாகுலம், ஒரு ரொசாரியோ. "பேரு"ங்குற இடம்தான் மரபணுன்னு வச்சுக்கிடுங்க, அந்த இடத்துல நிக்குற அந்தோணியும் வியாகுலமும் அல்லீல்கள். ஒரு வித்தியாசம், நமக்கு ஒரு பேருதான், மீனுக்கு அப்பன்கிட்ட இருந்து ஒண்ணு அம்மாகிட்ட இருந்து ஒண்ணுன்னு ரெண்டு. ஊருல 2,000 பேரு இருந்தும் எல்லாரும் அந்தோணின்னா ஆள் நிறைய, பேரு வகைமை சைபர். 200 பேரு இருந்து 60 விதமான பேரு இருந்தா அது வேற கதை.

இதுவரைக்கும் சொன்னதுல கையில பிடிக்க வேண்டியது இவ்வளவுதான்: மரபணு ஒரு குறிப்பு, அல்லீல் அந்தக் குறிப்போட ஒரு வடிவம், வகைமைங்குறது ஒரே இனத்துக்குள்ள எத்தனை வடிவம் உயிரோட இருக்குங்குறது.

## சரி, இருந்தா என்ன, இல்லன்னா என்ன?

இதுக்கு நம்ம ஊரு மீனை விட ஐரோப்பாவுல ஹெர்ரிங்னு ஒரு மீன் இருக்கு, அது நல்ல உதாரணம். சாளைக்குத் தூரத்துச் சொந்தம், அதே வெள்ளி உடம்பு, அதே மாதிரி கோடிக்கணக்குல கூட்டம். அட்லாண்டிக் கடல்ல இருந்த இந்த மீனு, பால்டிக் கடல் உருவான பொறகு அதுக்குள்ள போய்க் குடியேறுச்சு, அது பத்தாயிரம் வருஷத்துக்குள்ள நடந்த சமாச்சாரம். பால்டிக்ல உப்பு கம்மி, தண்ணிக்குள்ள வெளிச்சம் நீலமா இல்லாம செம்மை கூடுதலா இருக்கும். நீலக் கடலுக்குப் பழகுன கண்ணு அங்க சரியா வேலை செய்யாது.

பால்டிக் ஹெர்ரிங்கோட டிஎன்ஏவைப் பாத்தப்ப, கண்ணுல ஒளியைப் பிடிக்குற ரோடாப்சின்ங்குற புரதத்தோட மரபணுவுல ஒரே ஒரு மாற்றம், அது அந்தப் புரதத்தைச் செம்மை வெளிச்சத்துக்குத் தோதா ஆக்கிருக்கு. 2019ல வந்த ஆய்வு இது. அந்த அல்லீல் வச்சிருந்த மீனுக்கு அங்க இரை கொஞ்சம் நல்லாத் தெரிஞ்சிருக்கும், எதிரியும் கொஞ்சம் சீக்கிரம் தெரிஞ்சிருக்கும், அது கூடுதல் குஞ்சு விட்டிருக்கும், தலைமுறை தலைமுறையா அந்த வடிவம் பெருகிருச்சு. இதைத்தான் இயற்கைத் தேர்வுன்னு சொல்றாங்க. தேர்வு செய்யணும்னா முதல்ல தேர்ந்தெடுக்க நாலு வகை இருக்கணும்லா. இல்லாத அல்லீலை இயற்கை எங்க போய்த் தேடும்?

நம்ம பக்கம் கடல் சூடாயிட்டே வருது. சூட்டைத் தாங்குற வடிவம் லட்சத்துல ஒரு சாளைக்கு இப்ப இருக்கலாம், இன்னைக்கு அதுக்கு ஒரு பிரயோஜனமும் இருக்காது, சும்மா கெடக்கும். தண்ணி ரெண்டு டிகிரி ஏறுன அன்னைக்கு அந்தச் சும்மா கெடந்ததுதான் கூட்டத்தைக் காப்பாத்தும். பரண்ல கெடக்குற பழைய வலை மாதிரி.

## கேரள லாட்டரியும் மீன் முட்டையும்

இப்பதான் நெஜமான விஷயத்துக்கு வர்றோம், கொஞ்சம் பைய வாசிங்க.

"கடல்ல கோடிக்கணக்குல மீன் கெடக்கு, இதுல வகைமை எப்படிக் குறையும்"னு கேப்பாங்க. நல்ல கேள்வி. 2021ல கேரளாவுல கரைக்கு வந்த அந்த 3,297 டன்னையே எடுங்க, கிலோவுக்கு 20 சாளைன்னு வச்சாலும் 6 கோடிக்கு மேல மீனு, அதுவும் பிடிபட்டது மட்டும். அப்ப பஞ்ச காலத்துலயும் கடல்ல ஆளுக்குக் குறைவில்லன்னுதானே அர்த்தம்?

இங்கதான் லாட்டரி வருது. தமிழ்நாட்டுல 2003ல லாட்டரியை நிறுத்துன பொறகும் நம்ம ஆளுங்க களியக்காவிளை தாண்டிப் போய் கேரள லாட்டரி எடுக்குறது ஊரறிஞ்ச விஷயம். பஸ்ஸுல போறவங்கள்ல முக்காவாசிப் பேரு பையில டிக்கெட் இருக்கும், பம்பர் அடிக்கிறது ஒருத்தனுக்குத்தான். மீனோட இனப்பெருக்கமும் இப்படித்தான். ஒரு தாய் மீன் ஆயிரக்கணக்குல, சில இனத்துல லட்சக்கணக்குல முட்டை விடும். ஆனா அந்த முட்டையும் கண்ணு தெறக்காத குஞ்சும் நாள் கணக்குல தண்ணியோட போக்குல மெதக்குது, அப்ப அந்த இடத்துல இரை இருக்கணும், நீரோட்டம் கரைக்கு ஒதுக்காம இருக்கணும், மத்த மீனு தின்னாம விடணும். இது எல்லாம் ஒண்ணா அமைஞ்ச நாள்ல, அமைஞ்ச இடத்துல முட்டை விட்ட தாய்களோட குஞ்சு மட்டும் பெருவாரியா தப்பிக்கும். மத்த லட்சம் தாய்கள் விட்டதுல ஒண்ணு கூட மிஞ்சாமப் போகலாம். மீனுக்குத் தெறமை குறைஞ்சதுன்னு இல்ல, டிக்கெட் விழல.

அதனால அடுத்த தலைமுறையில கோடி மீன் இருந்தாலும் அதோட அப்பன் அம்மான்னு எண்ணுனா ரொம்பக் கொஞ்சமா வரலாம். இதை அளக்கத்தான் பயனுறு எண்ணிக்கைன்னு ஒண்ணு வச்சிருக்காங்க: எல்லாருக்கும் சமமா வாய்ப்பு கெடைக்குற ஒரு சின்னக் கூட்டத்தைக் கற்பனை பண்ணி, எத்தனை மீன் இருந்தா அது நம்ம பெரிய கூட்டம் இழக்குற அதே வேகத்துல வகைமையை இழக்கும்னு பாக்குறது.

நியூசிலாந்துல டாஸ்மன் விரிகுடான்னு ஒரு இடம், அங்க ஸ்னாப்பர்னு ஒரு மீன். 1950ல இருந்தே வயசு பாக்குறதுக்காக யாரோ புண்ணியவான்கள் அதோட செதிலை எடுத்துக் காய வச்சு பத்திரமா வச்சிருந்தாங்க. 1998 வரைக்குமான அந்தச் செதில்ல இருந்து டிஎன்ஏ எடுத்துப் பாத்து 2002ல ஆய்வு வந்துச்சு. கூட்டம் எவ்வளவு சுருங்குனப்பவும் 30 லட்சத்துக்குக் கீழ போகல. ஆனா பயனுறு எண்ணிக்கை 200ஐக் கூடத் தொடல. முப்பது லட்சம் மீனு, ஆனா வகைமைக் கணக்குல ஒரு கரைமடி வலை இழுக்க வர்ற ஆளுங்களை விட கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். அந்தச் செதில்கள்ல வருஷம் போகப் போக அல்லீல்கள் காணாமப் போனதும் தெரிஞ்சுச்சு.

சுறாவுக்கு இந்த லாட்டரி கெடையாது, அதையும் சொல்லிரணும். தூத்தூர், வள்ளவிளை பக்கத்து ஆழ்கடல் ஆளுங்களைக் கேட்டா தெரியும், பல சுறா வயித்துல குட்டிதான் இருக்கும், அதுவும் எண்ணிரலாம், பொறக்கும்போதே நீந்துற பருவம். குட்டி பிழைக்குற வாய்ப்பு ஓரளவு சமமா இருக்குறதால அதோட பயனுறு எண்ணிக்கை தலைக்கணக்குல இருந்து அவ்வளவு தூரம் விலகாது. ஆனா தலைக்கணக்கு ஒரு தடவை விழுந்தா எந்திரிக்க வருஷக்கணக்கா ஆகும். சாளைக்கு அப்படியே தலைகீழ்.

## களவாவோட தனிக் கணக்கு

பாறை பக்கம் கெடக்குற களவா மீனு இன்னும் விசேஷம். பல களவா இனங்கள்ல மீனு முதல்ல பொண்ணா இருக்கும், வளந்து பெருசான பொறகு ஆணா மாறும். அப்ப பெரிய மீனா பாத்துப் பாத்துத் தூண்டில்ல எடுத்தா என்ன ஆகும்? ஆணெல்லாம் போயிரும்.

100 மீன்ல 50 ஆண் 50 பொண்ணுன்னா பயனுறு எண்ணிக்கை 100. அதே 100ல 10 ஆண் 90 பொண்ணுன்னா அது 36தான். ஏன்னா அடுத்த தலைமுறையில பாதி அல்லீல் அந்தப் பத்து அப்பன்கிட்ட இருந்துதான் வந்தாகணும், 90 அம்மா இருந்தும் அந்தப் பாதியை விரிவாக்க முடியாது. கடல்ல தலை எண்ணுனா நூறுக்கு நூறு சரியா இருக்கும், ஒரு மீனும் குறைஞ்சிருக்காது.

## பேரு எப்படிக் காணாமப் போகுது

திரும்ப ஞானஸ்நானப் புத்தகத்துக்கு வாங்க. ஊருல வியாகுலம்னு ஒரே ஒரு தாத்தா. அவருக்கு ரெண்டு பொண்ணு, பேரனுக்கு அவரு பேரை வைக்க யாருக்கும் மனசு வரல, அவரோட அந்தப் பேரும் போச்சு. பேருல கொறை ஒண்ணும் இல்ல, அதிர்ஷ்டம் அவ்வளவுதான். இப்படி நல்லது கெட்டதுன்னு இல்லாம வெறும் வாய்ப்புக் கணக்குல அல்லீல்கள் கூடுறதும் கொறையுறதும் காணாமப் போறதும்தான் மரபணு நகர்வு. பெரிய ஊருல வியாகுலம் பத்து பேரு இருப்பாங்க, எவனாவது ஒருத்தன் காப்பாத்திருவான். சின்ன ஊருல சீக்கிரம் போயிரும். மீனுக்கு ஊரு பெருசா சின்னதாங்குறதை முடிவு பண்றது அந்தப் பயனுறு எண்ணிக்கைதான், தலைக்கணக்கு இல்ல.

கூட்டம் திடீர்னு சுருங்கி மறுபடி பெருகுறதை பாட்டில்நெக்னு சொல்றாங்க. பாட்டில் நிறைய கலர் கலரா மணி இருக்கு, கவுத்துனா கழுத்து வழியா பத்து மணி விழுது, அந்தப் பத்துல என்ன கலர் வந்துச்சோ அதுல இருந்துதான் இனி பாட்டிலை நிரப்பணும். சாதாரணமா நிறைய கெடக்குற கலர் எப்படியும் வந்துரும். அபூர்வமான கலர்தான் உள்ளயே தங்கிரும். முன்னாடி சொன்ன அந்த லட்சத்துல ஒரு சாளை ஞாபகம் இருக்கா, அதுக்குத்தான் இங்க ஆபத்து.

புது அல்லீல் பொறக்காதான்னா பொறக்கும், டிஎன்ஏ நகல் எடுக்கும்போது எப்பவாவது எழுத்துப் பிழை விழும், அதுக்குத்தான் திடீர்மாற்றம்னு பேரு. ஆனா அது ஆமை வேகம். சாளை ஒரு வயசுக்குள்ளயே சினைக்கு வந்துரும், அதிகம் போனா மூணு வருஷ ஆயுசு, ஆகவே எண்ணிக்கை ரெண்டு மூணு நல்ல ஆனி ஆடியில திரும்பிரும். தொலைஞ்ச அல்லீல் திரும்ப வர ஆயிரக்கணக்கான தலைமுறை ஆகலாம்.

சுருக்கமா: தலை எண்ணிக்கை வேற, பயனுறு எண்ணிக்கை வேற. வகைமை தேயுறது ரெண்டாவதைப் பொறுத்து. முதலாவது சீக்கிரம் ஏறி இறங்கும், வகைமை இறங்கினா ஏறுறது ரொம்பக் கஷ்டம்.

## சின்னமுட்டத்துச் சாளையும் குளச்சல் சாளையும் ஒண்ணா?

நம்ம மாவட்டத்துல மட்டும் இருக்குற கூத்து இது. விசைப்படகுக்கு மீன்பிடித் தடைக்காலம் சின்னமுட்டத்துல ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும், கிழக்குக் கடற்கரைக் கணக்கு. குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கம் ஜூன் 1ல இருந்து ஜூலை 31 வரைக்கும், மேற்குக் கடற்கரைக் கணக்கு. ஒரே மாவட்டம், பஸ்ஸுல போயிர்ற தூரம், ரெண்டு சட்டம். மீனு எங்க போய் எல்லைக்கல்லைப் பாக்கும்னு எங்க பெரியப்பா கேலி பண்ணுவாங்க.

கேலியா இருந்தாலும் கேள்வி சரியானது. தென்மேற்குப் பருவத்துல குமரி முனையைச் சுத்தி நீரோட்டம் கிழக்க பாத்துப் போகும், வடகிழக்குப் பருவத்துல திரும்பி மேற்க பாத்து வரும், நம்ம ஆளுங்க நீவாடுன்னு சொல்ற சங்கதிதான். மெதக்குற முட்டையும் குஞ்சும் அதோட போகும், வளந்த மீனும் கூட்டமா நகரும். ஒரு கூட்டத்துல இருந்து இன்னொண்ணுக்கு இப்படி அல்லீல் போய்ச் சேர்றதுக்கு மரபணு ஓட்டம்னு பேரு. கடல் மீன்ல இது தாராளமா நடக்குறதாலதான் நூத்துக்கணக்கான மைல் தள்ளிப் பிடிச்ச மீனும் டிஎன்ஏவுல ஒண்ணு போலவே தெரியும்.

"அப்ப எல்லாம் ஒரே கூட்டம், இங்க கொறைஞ்சா அங்க இருந்து வந்துரும்"னு உடனே ஒரு முடிவுக்கு வருவாங்க. என்னைக் கேட்டா இந்த ஒரு தப்புதான் மத்த எல்லாத்தையும் விட ஆபத்தானது. ரெண்டு கடற்கரை ஊரு இருக்கு, பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுக்குறாங்க. தலைமுறைக்கு நாலு கல்யாணம் நடந்தாலே போதும், பத்து தலைமுறையில ரெண்டு ஊரு ஞானஸ்நானப் புத்தகமும் பாக்க ஒரே மாதிரி ஆயிரும். ஆனா ஒரு ஊரு காலியாயிட்டா அந்த நாலு மருமகளால ஊரை நிரப்ப முடியுமா? முடியாது. டிஎன்ஏவை ஒண்ணு போல ஆக்குறதுக்குத் தலைமுறைக்கு விரல் விட்டு எண்ணுற அளவு மீனு கடந்து வந்தாப் போதும். கரையில வலை நிரம்பணும்னா லட்சக்கணக்குல வரணும். டிஎன்ஏ ஒண்ணா இருக்குங்குறது "கொஞ்சமாவது கலக்குது"ன்னு மட்டும்தான் சொல்லும்.

மறுபக்கமும் ஒண்ணு இருக்கு. அந்த ஹெர்ரிங்ல வசந்த காலத்துல முட்டை விடுற கூட்டமும் இலையுதிர் காலத்துல முட்டை விடுற கூட்டமும் ஒரே கடல்ல கெடக்கு. டிஎன்ஏவோட பெரும்பகுதியைப் பாத்தா வித்தியாசமே தெரியாது. முழு வரிசையையும் படிச்ச பொறகுதான் சில குறிப்பிட்ட இடங்கள்ல மட்டும் பளிச்சுன்னு வேற வேறயா இருக்குறது வெளிய வந்துச்சு, அதுல எப்ப முட்டை விடுறதுங்குறதோட சம்பந்தப்பட்ட மரபணுக்களும் இருக்கு. முன்னாடி காலத்துல நாலஞ்சு இடத்தை மட்டும் படிச்சுட்டு "எல்லாம் ஒண்ணு"ன்னு எழுதி வச்சதையெல்லாம் இப்ப திரும்பப் பாக்குறாங்க.

## வலையும் ஒரு தேர்வாளர்தான்

நாம பிடிக்கிற விதமே மீனோட மரபணுவை ஒரு பக்கமா தள்ளும். அமெரிக்காவுல சில்வர்சைடுன்னு வெரல் நீள மீனை தொட்டிகள்ல வளத்து ஒரு சோதனை செஞ்சாங்க, கானோவரும் மன்ச்சும் 2002ல வெளியிட்டது. சில தொட்டியில ஒவ்வொரு தலைமுறையும் பெரிய மீனா பாத்து 90 சதவீதத்தை எடுத்தாங்க, சில தொட்டியில சின்னதா பாத்து 90 சதவீதம், சிலதுல கண்ணை மூடிட்டு எடுத்தாங்க. நாலே தலைமுறைதான். பெருசை எடுத்த தொட்டி மீனோட எடை, சின்னதை எடுத்த தொட்டி மீனோட எடையில கிட்டத்தட்ட பாதி ஆயிட்டு. மெதுவா வளர்ற அல்லீல் வச்சிருந்ததுதான் தப்பிச்சுது, அதோட குஞ்சுதான் பெருகுச்சு.

இதைப் படிச்சுட்டு "அப்ப குஞ்சையே பிடிக்கலாமா"ன்னு ஒரு தம்பி கேட்டான். இல்லடா மக்கா. சினைக்கு வராத மீனைப் பிடிச்சா அதோட டிக்கெட் லாட்டரிக்கே போகல. கேரளாவுல சாளைக்கு 10 சென்டிமீட்டருக்குக் கீழ பிடிக்கக் கூடாதுன்னு வச்சிருக்குறது அதுக்குத்தான். அதே சமயம் பெரிய தாயையும் கொஞ்சம் விட்டு வைக்கணும். அட்லாண்டிக் கடல்ல காட்னு ஒரு பெரிய மீன் இருக்கு, அதுல 30 கிலோ மீனு ஒண்ணு விடுற முட்டை, 2 கிலோ மீனு 28 சேந்து விடுறதை விடக் கூடுதல்னு 2018ல ஒரு ஆய்வு கணக்குப் போட்டுச்சு. எடையைக் கூட்டிப் பாருங்க, அந்த 28ம் சேந்தா 56 கிலோ. பெரிய மீனு எடைக்கு எடை கூடுதல் டிக்கெட் வாங்குது.

பொறிப்பகத்துல குஞ்சு பொரிச்சுக் கடல்ல விட்டா சரியாயிரும்னு இன்னொரு பேச்சு இருக்கு. விடலாம், தப்பில்ல, ஆனா எத்தனை தாய்ல இருந்து எடுத்ததுன்னு கேக்கணும். அஞ்சு தாயோட பத்து லட்சம் குஞ்சுன்னா கடல்ல ஒரே வீட்டுப் புள்ளைங்க கூட்டம், எண்ணிக்கை ஏறும், வகைமை இறங்கும்.

## எதிர்ப்பக்கமும் இருக்கு

இவ்வளவு சொன்னதால "நிறைய பிடிச்சா வகைமை கண்டிப்பா போயிரும்"னு எடுத்துக்கிட்டா அதுவும் தப்பு. 2014ல பின்ஸ்கி, பலும்பின்னு ரெண்டு ஆய்வாளர்கள் 140 மீன் இனங்களோட தரவை ஒண்ணா வச்சுப் பாத்தப்ப, அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்ட கூட்டங்கள்ல அல்லீல் எண்ணிக்கை சராசரியா சுமார் 12 சதவீதம் கம்மியா இருந்துச்சு. அதே பின்ஸ்கி கூட்டாளிகளோட சேந்து 2021ல காட் மீனோட பழைய டிஎன்ஏவைப் பாத்தாரு, நார்வேயில 1907ல எடுத்துப் பத்திரப்படுத்துன மீன் மாதிரிகள் வரைக்கும் பின்னாடி போய். கனடாப் பக்கம் அந்த மீனு அப்படியே விழுந்து 1992ல பிடிக்கிறதையே நிறுத்துன கதை உலகம் பூரா தெரியும். இருந்தும் வகைமை பெருசா கொறைஞ்சதுக்கு அடையாளம் கெடைக்கல. ஒரு மீனுக்கு நடந்ததை வச்சு இன்னொரு மீனுக்குத் தீர்ப்பு எழுத முடியாது, ஒவ்வொண்ணையும் பாத்துதான் ஆகணும்.

## எப்படிப் பாக்குறாங்க?

பெரிய மந்திரம் ஒண்ணும் இல்ல. படிக்குற காலத்துல ஒரு ப்ராஜெக்டுக்காக முட்டத்துல விடியக்காலம் போய் நின்னிருக்கேன். ஏலம் முடிஞ்ச கூடையில இருந்து மீனை எடுத்து, நீளத்தை அளந்து, செட்டையில நகக்கண் அளவுக்குக் கத்தரிக்கோலால ஒரு துண்டு நறுக்கி, ஆல்கஹால் ஊத்துன சின்னக் குப்பியில போட்டு, தேதியும் இடமும் பென்சில்ல எழுதணும். பேனா மை ஆல்கஹால்ல கரைஞ்சிரும், முதல் நாள் நான் பேனாவுல எழுதி நாப்பது குப்பி யாரு எவருன்னு தெரியாமப் போச்சு, அன்னைக்கு வாங்குன ஏச்சு இன்னும் காதுல கேக்கு. கத்தரிக்கோலை ஒவ்வொரு மீனுக்கும் தொடைக்கணும், இல்லன்னா ஒரு மீனோட டிஎன்ஏ அடுத்ததுல ஒட்டிரும். அந்தத் துண்டுல இருந்துதான் ஆய்வகத்துல டிஎன்ஏவைப் பிரிச்சு எழுத்துகளைப் படிக்கிறது.

நாங்க நறுக்குறதைப் பாத்துட்டு ஒரு ஆச்சி ஓடி வந்து, "ஏலே, என் மீனுக்கு என்னலே ஊசி போடுதிய, இனி எவன் வாங்குவான்"னு ஒரு சத்தம். ஊசி இல்ல ஆச்சி, வாலு ஓரம் கொஞ்சம் வெட்டிக்கிடுதோம், இந்த மீனு எந்தக் குடும்பம்னு பாக்கன்னு சொன்னேன். ஆச்சி கொஞ்ச நேரம் நின்னு பாத்துட்டு, "எங்க அம்மை வித்த சாளையும் இதுவும் ஒரே குடும்பமான்னு பாத்துச் சொல்லுவியா"ன்னு கேட்டாங்க. அதுக்கு அவங்க அம்மை வித்த சாளையோட செதிலோ முள்ளோ வேணும் ஆச்சின்னேன். "அது பூனை தின்னுட்டு"ன்னு சொல்லிட்டு கடவத்தைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க.

போன ஆடி குளச்சல்ல வாங்குன அந்தச் சாளையில ஒண்ணோட செட்டையை நறுக்கி, பென்சில்ல தேதி எழுதி, வீட்டு ப்ரிட்ஜுல முட்டை வைக்கிற தட்டுக்குப் பின்னாடி வச்சிருக்கேன். அம்மா ரெண்டு தடவை தூக்கி எறியப் பாத்துட்டாங்க.